பொருள் தெரியாத பாட்டு

பொருள் தெரியாமல் சாமி கும்பிடுவது வீண். திருமுறை வகுப்பில் தம்பி தங்கைகளிடம் நான் பலமுறை சொன்னது இது. குவாதலூப் தீவுக்குப் போய் வந்த பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

பரிமாற்று மாணவனாக ஒரு பருவம் பிரான்சில் படித்தேன். கூடப் படித்த நண்பன் குவாதலூப்காரன். கரீபியக் கடலில் இருக்கும் அந்தத் தீவு இன்றும் பிரான்சின் ஒரு பகுதி. விடுமுறைக்கு வீட்டுக்கு அழைத்தான். சேந்த் ஆன் கடற்கரையில் வெள்ளை மணலும் இளநீலத் தண்ணீருமாக இரண்டு நாள் ஆட்டம் போட்டோம். மூன்றாம் நாள் புவாந்தாபீத்ர் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனான். "எங்க தாத்தாவோட தாத்தா இங்கதான் இறங்கினார்" என்றான்.

1848-இல் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே கொண்டுவந்தது. 1889-க்குள் 40,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களில் பலர் தமிழர்கள். நம் பாட்டன்மார் பினாங்கில் இறங்கிய கதை மாதிரிதான். ஆனால் நமக்குத் தமிழ்ப்பள்ளி இருந்தது, அவர்களுக்கு இல்லை. வீட்டுப் பேச்சு கிரியோல் ஆனது, பள்ளிப் படிப்பு பிரெஞ்சு ஆனது. மாரியம்மன் 'மாலியெமேன்' ஆனாள். ஆனாலும் அவளை அவர்கள் விடவில்லை. கப்பஸ்டேர் ஊரில் சாலையோரம் வண்ணக் கோபுரத்தோடு அவள் கோயிலைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

அன்று மாலை நண்பனின் தாத்தா ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். பிரெஞ்சு எழுத்தில் எழுதிய தமிழ்ப் பாட்டுகள். கண்ணை மூடிப் பாடினார். முடித்துவிட்டுக் கிரியோலில் ஏதோ கேட்டார். நண்பன் சொன்னான்: "நீ தமிழ் பேசுறவன்தானே, இதுக்கு என்ன அர்த்தம்னு கேக்குறார்."

'அம்மா', 'தாயே', 'வா' தவிர எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. வாய்வழியாக வந்ததில் சொற்கள் தேய்ந்திருந்தன. தெரியலை என்று சொன்னேன். அவர் சிரித்தார். "பரவாயில்லை. எங்கப்பா பாடின மாதிரியே பாடுறேன், அது போதும்."

வகுப்பில் நான் சொன்னபடி பார்த்தால் அவர் பாடியது வீண். ஆனால் அர்த்தம் தெரியவில்லை என்று அவருடைய முன்னோர் அந்தப் பாட்டை விட்டிருந்தால், அன்று அர்த்தம் கேட்க அங்கே பாட்டே இருந்திருக்காது. அதற்காகப் பொருள் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகும் அவர் கேட்டாரே! தெரிந்துகொள்ள வழியில்லாதவர் காப்பாற்றி வைத்துக்கொண்டு கேட்கிறார். வழி இருக்கிறவன் கேட்பதே இல்லை.

அந்த 'வழி இருக்கிறவன்' நான்தான். ஏழு வயதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பஞ்சபுராணம் பாடுகிறேன். உரையோடு கூடிய தேவாரப் புத்தகம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகுதான் அதைத் திறந்தேன்.

இப்போது வகுப்பில் வேறு மாதிரி சொல்கிறேன்: முதலில் பாட்டை விடாதே. பொருள் கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்.