மௌஸை அவர்கள் கையிலேயே விடுங்கள்

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. எழுதத் தெரியாதவர் தன் குறையை வாயால் சொல்வார். எழுதுபவர் அதைத் தமக்குப் பழகிய வாசகத்தில் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொள்வார். தாளில் என்ன இருக்கிறது என்பது மனுவுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. இன்று அந்த இடத்தில் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும், பட்டம் வாங்கியவர்களும்கூட அங்கே நிற்கிறார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம், தேர்வாணைய விண்ணப்பம் என்று எதைக் கேட்டாலும் 'ஆன்லைன்ல போடணும்' என்பதுதான் பதில்.

அங்கே கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் போதும். போனுக்கு வந்த ஓடிபியை நாலு பேர் காதில் விழும்படி படித்துச் சொல்கிறார்கள். பாஸ்வேர்டைக் கடைக்காரரே போட்டு, மறக்காமல் இருக்கத் தன் நோட்டில் குறித்துக்கொள்கிறார். வந்தவருக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் கடையின் முகவரியையே கொடுத்துவிடுவதும் உண்டு. பிறகு ஹால் டிக்கெட் எடுப்பதற்கும், முடிவைப் பார்ப்பதற்கும் அதே கடையைத் தேடிப் போக வேண்டும். பத்திரப்பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பட்டா, சிட்டா விவரத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கும் காசு கொடுத்துக் காத்திருக்கிறோம். கடைக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பாதிப் பேரின் காரியம் நடக்காது. என் கவலை, வரிசையில் நிற்பவர்களைப் பற்றியது.

'எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டுமா? சட்டையை நாமா தைத்துக்கொள்கிறோம்?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தையற்காரரிடம் துணியைக் கொடுக்கும்போது எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். சட்டை சரியில்லை என்றால் போட்டுப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். விண்ணப்பம் அப்படியல்ல. பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருந்தாலும், நிராகரித்துவிட்டார்கள் என்ற செய்தி வரும்வரை உரியவருக்குத் தெரியாது. போதாததற்கு வருமானம், வங்கிக் கணக்கு, ஆதார் எண் எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர் முன் விரித்து வைக்க வேண்டியிருக்கிறது. தெரிந்துகொண்டு ஒரு வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது வசதி. தெரியாததால் ஒப்படைப்பது நிர்ப்பந்தம். கம்ப்யூட்டர் அறிவை வேலைக்கான தகுதியாக மட்டுமே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் சுயமரியாதை அதில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

இதைச் சொல்ல நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்நின்றார். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பாடப் புத்தகத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். பதில் அந்தப் பெண்களின் அன்றாடத்தில் இருந்தது. தண்ணீர் எடுக்கவும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் அப்பனையோ அண்ணனையோ புருஷனையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்றானது. பஸ் வரும் நேரத்துக்குத் தன் நாளை வளைக்க வேண்டியதில்லை என்றானது. எழுத்தறிவு அவர்களிடம் தங்கியதற்கு அந்த விடுதலையும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். இன்று அந்தச் சைக்கிளின் இடத்தில் கம்ப்யூட்டர் நிற்கிறது.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வார இறுதிகளில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர், சத்துணவு அமைப்பாளர், மளிகைக் கடை நடத்துபவர், ஓய்வுபெற்ற லைன்மேன் என்று பலதரப்பட்டவர்கள். முதல் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். மௌஸை மேசையில் நகர்த்தாமல் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள். மேசையின் விளிம்பு வந்ததும் அம்புக்குறியும் அதற்குமேல் போகாது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். டபுள் கிளிக்கில் முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் நடுவே கை லேசாக நகர்ந்துவிட, ஃபோல்டர் திறக்காமல் இடம் மாறிப்போகிறது. விசையை அமுக்கிப் பிடிப்பதால் ஒரு 'க' வர வேண்டிய இடத்தில் வரி முழுக்க 'க' ஓடுகிறது. இவற்றில் ஒன்றுகூட அறிவுக் குறைவு இல்லை. மண்வெட்டிக்கும் ஊசிக்கும் பழகிய கை இந்தப் பொருளின் எடையையும் வேகத்தையும் அளந்து பார்க்கிறது, அவ்வளவுதான். சில வாரங்களில் அது தானே சரியாகிவிடும்.

ஆங்கில எழுத்து தெரியாதே என்று தயங்குபவர்களிடம் தமிழ்99 விசைப்பலகையைத்தான் முதலில் காட்டுவேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவான முறை அது. அதே ஆண்டில் தமிழக அரசு அதை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்து அடிக்கும் சுற்றுவழி தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருளின் மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் கற்ற பிறகுதான் கம்ப்யூட்டர் என்று யாரும் வரிசைப்படுத்தத் தேவையில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்கு ஓர் உறுதி உண்டு. சான்றிதழ் வகுப்புகள் பெரும்பாலும் மெனுவிலிருந்து தொடங்குகின்றன: ஃபைல் மெனுவில் என்ன இருக்கிறது, எடிட் மெனுவில் என்ன இருக்கிறது என்று. அந்த வழியில் போனால் பெரியவர்கள் இரண்டாம் வாரமே நின்றுவிடுகிறார்கள். அவர்களுடைய வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மகளிர் குழுக் கணக்கு எழுதும் அக்காவிடம், "உங்க நோட்டக் கொண்டுவாங்க" என்றேன். பெயர், சேமிப்பு, கடன், வட்டி, நிலுவை என்று அவர் ஸ்கேலால் கோடு போட்டு வைத்திருந்த பத்திகளையே எக்செலில் போட்டோம். பன்னிரண்டு உறுப்பினர்களின் சேமிப்பை அவரே அடித்தார். கடைசிக் கட்டத்தில் கூட்டல் சூத்திரத்தை எழுதி என்டர் தட்டியதும் மொத்தம் வந்தது. அதில் அவர் அசரவில்லை, கால்குலேட்டரும் அதைச் செய்யுமே. ஒருவருடைய தொகையை நூறிலிருந்து இருநூறாக மாற்றச் சொன்னேன். கீழே இருந்த மொத்தம் தானாக மாறியது. "டீச்சர், நான் அத தொடவே இல்லையே!" என்றார். பிறகு ஒவ்வொரு எண்ணாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று வேறு பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அவர் கண்டுகொண்ட அதே இடத்தில்தான் அந்த வகை மென்பொருளும் பிறந்தது. ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டேன் பிரிக்லின், கரும்பலகைக் கணக்கில் ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்து யோசித்தார். பாப் ஃப்ராங்ஸ்டனோடு சேர்ந்து 1979-ல் அவர் வெளியிட்ட விசிகால்க்தான் இன்றைய எக்செலுக்கு முன்னோடி. பேரேட்டில் ஒரு தொகையை அடித்துத் திருத்தி, மொத்தத்தையும் திருத்தி, அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோன தொகையையும் திருத்தியவருக்கு அதன் அருமையை யாரும் விளக்க வேண்டாம். அனுபவமுள்ள பெரியவர்கள் கற்பதில் பின்தங்கியவர்கள் என்று சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். எந்தக் கஷ்டத்துக்கு இந்தக் கருவி வந்தது என்பது இளைஞர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரிபார்க்கும் பழக்கமும் அவர்களிடம் இருக்கிறது. எக்செல் கூட்டிய தொகையை அந்த அக்கா விரல்விட்டு எண்ணி ஒத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர் சிரித்தார். சிரிக்க வேண்டிய விஷயமே இல்லை. ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெரிய பொருளியலாளர்கள் அரசுகளின் கடனைப் பற்றி 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல நாடுகளில் சிக்கன நடவடிக்கைக்கு ஆதரவாக அது எடுத்துக்காட்டப்பட்டது. அவர்களுடைய எக்செல் தாளில் சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிசைகளை விட்டுவிட்டிருந்தது. 2013-ல் அதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர். வேறு குறைகளும் அந்த ஆய்வில் சுட்டப்பட்டன. ஆனால் இந்தப் பிழை, சூத்திரம் எந்த வரிசையில் தொடங்கி எதில் முடிகிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால் அகப்பட்டிருக்கும். எந்தக் கட்டம் முதல் எந்தக் கட்டம் வரை என்று நாம் சொன்னதைத்தான் கம்ப்யூட்டர் கூட்டும். சரியாகச் சொன்னோமா என்று பார்ப்பது மனிதரின் வேலை. விரல்விட்டு எண்ணுகிற வழக்கத்தை நான் யாரிடமும் விடச் சொல்வதில்லை.

இவர்கள் கற்றுக்கொள்வதற்குத் தடையாக நிற்பது வயதா? நான் பார்த்தவரை வயதைவிடப் பெரிய தடை, பக்கத்தில் இருப்பவரின் அவசரம். "குடும்மா, நான் பண்றேன்" என்று பிள்ளை போனைப் பிடுங்குகிறது. "நகருங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்று இளைய ஊழியர் மௌஸை வாங்கிக்கொள்கிறார். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் நாலைந்து கிளிக் நடந்து முடிந்துவிடுகிறது. பார்த்தவருக்கு மனதில் பதிவது ஒன்றே ஒன்று: 'இது நமக்கு வராது.' பத்துத் தடவை அப்படிச் செய்து கொடுத்தால் பதினோராவது தடவையும் அவர் நம்மைத்தான் கூப்பிடுவார்.

இந்தக் கருவிகளைச் செய்தவர்களில் சிறந்தவர்கள் கற்பவரின் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்தவர்கள். கட், காப்பி, பேஸ்ட் என்று இன்று நாம் செய்வதற்கு உருவம் கொடுத்தவர்கள் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் 1970களில், ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர்களுக்காக அதைச் செய்தார்கள். கத்தரியும் பசையும் கொண்டு கைப்பிரதியைத் திருத்தியவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ப மென்பொருளை அமைத்தார்கள். அப்படிப் பிறந்ததைச் சொல்லிக் கொடுக்கிற நாமும் அதே பொறுமையோடு பக்கத்தில் உட்காரலாம்.

பயத்துக்கு மருந்தும் கருவிக்குள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோல் இசட் தட்டினால் கடைசியாகச் செய்தது நீங்கும். முதல் நாளே வேண்டுமென்று ஒரு பத்தியை அழிக்கச் சொல்லி, திரும்பக் கொண்டுவரச் சொல்வேன். அதற்குப் பிறகு விரல்களில் இருந்த இறுக்கம் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். எதைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அதே நாளில் சொல்லிவிட வேண்டும்: அனுப்பிய பணம், சொன்ன ஓடிபி, சமர்ப்பித்த விண்ணப்பம். இந்த இடங்களில் நின்று, படித்து, பிறகு தட்ட வேண்டும். இந்த இரண்டும் தெரிந்தவர் துணிந்து பழகலாம்.

அரசுகளும் முயன்றிருக்கின்றன. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், ஆறு கோடி வீடுகளில் வீட்டுக்கு ஒருவருக்கு இருபது மணி நேரப் பயிற்சி என்று இலக்கு வைத்தது. 14 முதல் 60 வயது வரை என்று எல்லையும் வகுத்தது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வாழ்நாள் சான்று என்று அலைகிற வயதில் இருப்பவர்கள் அதற்குள் வரவில்லை. கேரளத்தில் புல்லம்பாறை என்ற ஊராட்சியில், நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே தொண்டர்கள் தேடிப் போய் முதியவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். 2022-ல் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அதே வழியை மாநிலம் முழுக்க விரித்து, 2025 ஆகஸ்டில் கேரளம் தன்னை அப்படி அறிவித்தது. 90 வயதைக் கடந்தவர்களும் அதில் கற்றார்கள். அறிவொளியை நடத்திக் காட்டிய தமிழ்நாட்டால் இதைச் செய்ய முடியாதா? முடியும். நூலகங்கள் இருக்கின்றன, பள்ளிகளில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, படித்த இளைஞர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

தொடங்க நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. தமிழில் தட்டச்சு செய்வது, ஒரு கடிதத்தை எழுதிச் சேமித்து மறுநாள் தேடி எடுப்பது, வீட்டுக் கணக்கை எக்செலில் போடுவது, சொந்த மின்னஞ்சலும் சொந்த பாஸ்வேர்டும் வைத்துக்கொள்வது, ஒரு விண்ணப்பத்தை முழுக்கப் படித்து நிரப்புவது. இவ்வளவு போதும், மற்றவை தேவை வரும்போது வரும்.

தெரிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ உட்கார வையுங்கள். அவருக்கு உடனே தேவைப்படுகிற ஒரு காரியத்தை எடுங்கள். வாயால் மட்டும் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் உங்கள் கை மௌஸுக்குப் போக வேண்டாம்.