சாத்தனூர் மாடுகள்

பிறர் தொழிலை ஒழுங்காகச் செய்வதைவிடத் தன் தொழிலை அரைகுறையாகச் செய்வதே மேல் என்கிறது கீதை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு முறை, பதினெட்டாம் அத்தியாயத்தில் இன்னொரு முறை. மூன்றாவதில் கூடவே ஓர் எச்சரிக்கை: பரதர்மம் பயம் தருவது. நாற்பதை நெருங்கும் வயதில் இன்டராக்‌ஷன் டிசைன் முதுகலை படிக்க மும்பை போகிறேன் என்றதும் பெரியப்பா இதைத்தான் எடுத்து என் முன்னால் போட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆலங்குடி நாமபுரீஸ்வரர் கோயிலில் பிரதோஷம் தவறவிடாதவர். (குரு தலமான ஆலங்குடி வேறு, திருவாரூர் மாவட்டத்தில் இருப்பது. இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாதி ஆயுள் போகிறது.)

“எம்.சி.ஏ. படிச்சே. இ-சேவை மையம் நல்லாத்தானே ஓடுது. மகன் பத்தாவது. இப்பப் போயி பொத்தானை எங்க வைக்கிறதுன்னு படிக்கப் போறியாத்தா?”

கேலிதான், ஆனால் விளக்கம் ஏறக்குறைய சரி. ஏ.டி.எம். ஆகட்டும், கைபேசிச் செயலி ஆகட்டும், அது நம்மிடம் எதை எப்படிக் கேட்க வேண்டும், நாம் தப்பாக அழுத்திவிட்டால் எப்படித் திருத்த விட வேண்டும் என்பதுதான் படிப்பு. மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் ‘சீட்’ நுழைவுத்தேர்வை எழுத மூன்றாண்டுப் பட்டம் இருந்தால் போதும். எந்தப் பாடம் என்று கேட்பதில்லை. வயது வரம்பும் கிடையாது. அந்த வரியைப் பெரியப்பாவிடம் காட்டினேன். “அது பரீட்சைக்கு உள்ள வரம்பு. நான் கேக்குறது தர்மத்துக்கு உள்ள வரம்பு” என்றார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்துகொண்டு பரதர்மத்துக்குப் பயப்படச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அம்மா ஓட்டப் பழகியது மாமாவின் ஆம்பளை சைக்கிளில். லேடீஸ் சைக்கிள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் மாற்றவில்லை. குறுக்குக் கம்பியில் தம்பி, கேரியரில் நான், ஹேண்டில்பாரில் தூக்குவாளி. மாவட்டத்தில் பல பெண்கள் அந்தக் கம்பிக்குச் சொன்ன காரணம் பிள்ளைதான். கம்பியை எடுத்துவிட்டு லேடீஸ் சைக்கிள் செய்தவர்களுக்குப் புடவை தெரிந்திருக்கிறது, பிள்ளை தெரியவில்லை.

படிப்பில் சேர்ந்த பிறகு அதே கீதை வேறு வழியாக வந்தது. 1958-இல் இந்திய அரசு அழைத்து, சார்ல்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதன் விளைவாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அறிக்கையின் தொடக்கமே கீதைதான்: வேலை செய்ய உரிமை உண்டு, பலனில் இல்லை என்கிற இடம். பிறகு ஒரு செம்பை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போகிறார்கள். எவ்வளவு நீர், யார் கை, தலையிலா இடுப்பிலா. செம்பு பற்றிய பக்கம் எனக்கு உயிர். முகப்பில் உள்ள கீதையோடுதான் சண்டை. பலன் எனக்கு வேண்டாம் என்று ஒருத்தி சொல்லலாம். அது யார் தலையில் விடிகிறது என்று பார்க்காமல் எப்படி இருப்பது?

ஆதனக்கோட்டையில் முந்திரி உடைத்தே காலம் தள்ளிவிட்டு, மகள் வீட்டோடு ஆலங்குடிக்கு வந்த ஓர் அப்பத்தா என் மையத்துக்கு வருவார். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரித்துவிடும். விரல் நுனி வழவழவென்று மினுங்கும், ரேகை இருக்காது. ரேகை பார்க்கும் கருவியில் வைப்பார். சிவப்பு. முந்தானையில் துடைப்பார், தலைமுடியில் தேய்த்துக்கொள்வார், மறுபடி வைப்பார். ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்று திரை சொல்லும், அவர் இதுவரை முயற்சியே செய்யாததுபோல. “என் வெரலே எனக்குச் சாட்சி சொல்ல மாட்டேங்குது தாயி” என்பார்.

பயன்படுத்துகிறவராகவே நீ மாறிப் பார் என்று வகுப்பில் சொல்கிறார்கள். பேட்ரிசியா மூர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரை உதாரணம் காட்டுவார்கள். 1979-இல், 26 வயதில், கண்ணை மங்கலாக்கும் கண்ணாடி போட்டு, காதை அடைத்து, கால் மடங்காதபடி கட்டிக்கொண்டு கிழவி வேஷத்தில் மூன்று வருடம் ஊர் ஊராகப் போனவர். பெரிய காரியம்தான். ஆனால் ராத்திரி வேஷத்தைக் கலைத்துவிடலாம். அப்பத்தாவின் விரலைக் கழற்றிவைக்க முடியாது.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவரே திருமூலரை இழுத்தார். கயிலாயத்திலிருந்து பொதிகைக்குப் போகும் யோகி, வழியில் சாத்தனூரில், செத்துக் கிடக்கும் மூலன் என்ற இடையனையும் அவனைச் சுற்றிக் கதறும் மாடுகளையும் பார்க்கிறார். தன் உடம்பை மறைத்துவைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுகிறார். மாடுகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வைத்த இடத்தில் பழைய உடம்பு இல்லை. இருக்கிற உடம்போடு திருவாவடுதுறைக்குப் போய் வருடத்துக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாடினார் என்பது கதை.

“பாத்தீங்களா, யோகி மாடு மேய்ச்சிருக்காரு. அது பரதர்மம் இல்லியா?” என்றேன்.

“அவரு பொழப்பு அலுத்துப்போயி உள்ள பூரல. மாடு அழுதுச்சு, பூந்தாரு. ஒனக்கு எது?”

நியாயமான கேள்வி. இரண்டும்தான் என்றேன். அலுப்பே இல்லை என்று சொன்னால் பொய். அலுப்பு மட்டும் என்றால் சர்டிபிகேட் படிப்பு எதையாவது படித்துவிட்டு ஒரு கம்பெனியில் சேர்ந்திருப்பேன்.

அந்தக் கதையில் என்னை விடாதது மூலனின் மனைவி. சாயங்காலம் தேடி வந்து நிற்கிறாள். எதிரில் புருஷன் முகம். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறது அந்த வாய். ஊரார் தேற்றி அழைத்துப் போகிறார்கள், அதோடு அவள் கதை முடிகிறது. மாடுகளின் துயரம் தீர்ந்தது, அவளுடையது தீரவில்லை. என் கணவர் காலையில் மகனுக்கு டிபன் கட்டும்போது என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, மகன் சொல்கிறான்.

பெரியப்பாவும் வருடா வருடம் என் மையத்தில்தான் விரல் வைத்து, தான் உயிரோடு இருப்பதாகப் பென்ஷனுக்குச் சான்று எடுப்பார். மூலன் விரல் வைத்தால் என்ன வரும் என்று கேட்டேன். “மூலன் உசுரோட இருக்கான்னு வரும்” என்று சிரித்தார். உள்ளே இருப்பது யார் என்று கருவி கேட்பதில்லை. அப்பத்தா விஷயத்தில் உள்ளே இருப்பவர் முழுசாக இருக்கிறார், விரல்தான் இல்லை. ஆன்மா வேறு உடம்பு வேறு என்று காலங்காலமாகப் பேசுகிற நாட்டில், அடையாளத்தை உடம்பில் மட்டும் தேட எப்படி ஒத்துக்கொண்டோம் என்பதை என் ஆய்வறிக்கையில் எழுதப் பார்க்கிறேன். வழிகாட்டி, தலைப்பைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லியிருக்கிறார்.

மையத்தை இப்போது நாத்தனார் பார்க்கிறாள். விடுமுறையில் போனபோது பழக்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வருமானச் சான்றிதழ் கேட்டு ஒருவர் நின்றார். திரையே மாறியிருந்தது, எங்கே அழுத்துவது என்று துழாவினேன்.

“தள்ளுங்க அண்ணி, கூட்டம் நிக்குது” என்றாள்.