வியர்வை பார்சலில் வராது

கனடாவில் இருக்கிற பெரியண்ணா காசு அனுப்புவார். லண்டன் சித்தி நல்ல சப்பாத்து வாங்கி அனுப்புவா. சுவிஸ் மாமா வரும்போது புரோட்டீன் மா டின்னைப் பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டு வருவார். வீட்டுக்கு மேல்மாடி வரும், மோட்டார் சைக்கிள் வரும், மதில் இன்னும் இரண்டு அடி உயரும். உன் வியர்வை மட்டும் எந்த நாட்டிலிருந்தும் வராது தம்பி. அதை உன் ஊர் வெயிலில், உன் உடம்பிலிருந்து நீதான் எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் காசில் வந்த ஓட்ட இயந்திரங்கள் பல வீடுகளில் இன்றைக்குத் துவாய் காயப்போடத்தான் உதவுகின்றன.

“யாழ்ப்பாணத்திலை என்ன வசதி கிடக்கு?” என்று கேட்காதே. இந்தக் கேள்விக்குப் பெரியவிளானில் பிறந்த ஒருவர் 1958ஆம் ஆண்டிலேயே பதில் சொல்லிவிட்டார். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ். மத்திய கல்லூரி மாணவர். 1952இல் ஹெல்சிங்கி, 1956இல் மெல்பேண் என்று இரண்டு ஒலிம்பிக் விழாக்களில் உயரம் பாய்ந்தவர். 1958 மே மாதக் கடைசியில் தெற்கே தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. அதே நாட்களில் டோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழா. அங்கே 2.03 மீற்றரைத் தாண்டித் தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். சொந்தச் சனம் அகதியாக ஓடிக்கொண்டிருந்த கிழமையில் ஒரு மனிதன் குறுக்குக் கம்பத்தை மட்டும் பார்த்து ஓடியிருக்கிறான். உனக்கு மழைத்தூறல் ஒரு சாட்டு!

வல்வெட்டித்துறைக் கடலைக் கேள். 1954இல் மு. நவரத்தினசாமி அங்கிருந்து பாக்கு நீரிணையை 27 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அக்கரைக்குப் போனதோடு நிற்காமல் திரும்பியும் நீந்தி வந்தார். மொத்தம் 51 மணி நேரம். அவருக்குத் தொழில் சட்டத்தரணி. கறுப்புக் கோட்டுப் போட்டு வழக்காடிய மனிதர். பிறகு இடைவிடாமல் 187 மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓடினார், ஒற்றைக் காலில் நின்றார், கின்னஸ் புத்தகத்தில் திரும்பத் திரும்பப் பேர் பதித்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் போனது. அந்த அளவுக்கு உன்னை யாரும் போகச் சொல்லவில்லை. முதலாம் மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்காத உடம்பு ஒன்றைத்தான் கேட்கிறேன்.

அதுகூட இன்றைக்கு எத்தனை பேரிடம் இருக்கிறது? இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சலரோகம். கிளினிக் நாளில் எந்த ஆஸ்பத்திரி வாசலுக்கும் போய்ப் பார். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களில் நாற்பது தாண்டாதவர்களும் இருப்பார்கள். ‘பரம்பரை வருத்தம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த றோல்ஸைக் கடிக்கிறோம். பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டுதான். ஆனால் அப்பு துலா மிதித்தார், பனையேறினார், வள்ளம் தள்ளினார். ஆச்சி உரலில் மா இடித்தா. அவர்கள் தின்ற சோற்றை உடம்பு எரித்தது. நாங்கள் அதே கோப்பை நிறையச் சோற்றைத் தின்றுவிட்டுச் சந்திக் கடைக்குக்கூட மோட்டார் சைக்கிளில் போகிறோம்.

தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் தடுத்தார்கள். வைத்தியரும் சைக்கிள், வாத்தியாரும் சைக்கிள், கர்ப்பிணியைக் கரியரில் ஏற்றியதும் சைக்கிள். டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்தக் காலத்தைப் புகழ வரவில்லை. அது பசியும் குண்டும் நிறைந்த காலம், திரும்பி வரவே கூடாது. ஆனால் அந்தச் சைக்கிள் நமக்குத் தெரியாமலே நம் இருதயத்துக்கு ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது தூசி தட்டி மறுபடி எடுத்தோம். வரிசை போனதும் திரும்பவும் கோடிக்குள் தள்ளிவிட்டோம். மேடே இல்லாத தட்டை நிலம் இது. கொக்குவிலில் இருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவனுக்குக் காலையும் மாலையும் பெடல் மிதிப்பதுதான் முதல் ஜிம். அதற்கு மாதக் கட்டணம் கிடையாது.

அடுத்தது உன் ஊர்க் கழகம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சனசமூக நிலையம் இல்லாத ஊரைக் குடாநாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை ஒட்டி ஒரு விளையாட்டுக் கழகம், ஒரு காணி, இரண்டு கம்பம், ஒரு வலை. நாவாந்துறை சென்மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ் என்று உதைபந்தாட்டக் கழகங்களின் பேரைக் கேட்டாலே நம் பொடியளுக்கு இரத்தம் சூடாகும். ஆவரங்கால், புத்தூர்ப் பக்கம் கரப்பந்தாட்டம் என்றால் ஊரே கூடும். செற்றப் முறை ஆட்டம் ஒரு பக்கம், நமக்கே உரிய ஓவர்கேம் முறை ஆட்டம் ஒரு பக்கம். பந்தும் வலையும் ஆறேழு பேரும் இருந்தால் போதும், ஒரு பின்னேரம் உயிர் பிடித்துவிடும். இவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்கிறோம்? சாதாரண தரப் பரீட்சை வந்ததும் சப்பாத்தைக் கழற்றுகிறோம். ரியூசன், உயர்தரம், வேலை, கலியாணம். கழகத்தில் இருபது பேர் விளையாடுகிறார்கள், மிச்ச ஊர் முழுக்கப் பார்வையாளர்.

1904இல் தொடங்கிய, ‘வடக்கின் பெரும் சமர்’ என்கிற துடுப்பாட்டப் போட்டியில், மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் கத்துகிற கூட்டத்தைக் கவனி. பாண்ட் வாத்தியத்துக்கு ஆடுகிற பழைய மாணவர்கள் அரை மணித்தியாலத்தில் கதிரை தேடுகிறார்கள். பழைய மாணவன் என்ற பட்டம் கொழுப்பைக் கரைக்காது அண்ணை! அதே மத்திய கல்லூரியில் பந்து சுழற்றிப் பழகிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரிமியர் லீக்கில் இறங்கினான். 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் சட்டையில் ஐபிஎல் ஆடினான். மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கான வேலையை 2025 செப்டெம்பரில் தொடக்கி வைத்தார்கள். மைதானம் எழும்பட்டும், சந்தோஷம். ஆனால் அதன் கதிரையை நிரப்புவதற்காக மட்டும் நீ பிறக்கவில்லை.

ஜிம்முக்கு வருவோம். இப்போது பட்டணத்தில் மட்டுமல்ல, சந்திக்குச் சந்தி ஜிம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் புதுவருசத்தில் சேர்ந்து தைப்பொங்கலுக்குள் பஞ்சி பிடித்து நிற்கிறவர்கள் எத்தனை பேர்! காரணம் எளிது. முதல் கிழமைகளில் நீ தூக்கும் பாரம் கூடும், கை பருக்காது. அப்போது நடப்பது பெரும்பாலும் தசை வளர்ச்சி அல்ல. இருக்கிற தசையை முழுதாக ஏவ நரம்புகள் பழகிக்கொண்டிருக்கின்றன. உள்ளே வேலை நடப்பது கண்ணாடியில் தெரியாது. அதைப் பொறுக்காதவன் ஒன்றில் விட்டுவிட்டுப் போகிறான், இல்லாவிட்டால் யாரோ காட்டிய ஸ்டீரொய்ட் ஊசியைத் தேடுகிறான். ஊசியைத் தொடாதே. இருதயத்தையும் ஈரலையும் விற்று வாங்கும் புஜம் உனக்கு வேண்டாம். இரண்டு முட்டை, ஒரு பிடி கடலை, சூடை மீன் குழம்பு, இடைக்கிடை ஒடியல் கூழ். இதைத் தின்று வளர்ந்த உடம்புகள்தான் கடலைக் கடந்தன.

வெங்காயத் தோட்டத்துக்கு ஒரு நாள் முழுக்க இறைத்துவிட்டு மாதக்கணக்கில் விட்டால் என்ன மிஞ்சும்? உடம்பும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்கு 150 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும் அசைவு, அதோடு இரண்டு நாள் தசைக்குப் பாரம். ஜிம் கிட்ட இல்லையா? குந்தி எழும்பு. சுவரில் கை ஊன்றித் தள்ளு, பிறகு வாங்கில் ஊன்று, பிறகு நிலத்துக்கு இறங்கு. வாளியில் தண்ணீர் நிரப்பித் தூக்கி நட. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யாத உடம்பிலும், இரத்தத்தில் இருக்கிற சீனியை இழுத்துக்கொள்ளும். சலரோகக்காரனுக்கு இதைவிட மலிந்த துணை மருந்து கிடையாது. ஆனால் பிரஷர், சலரோகம், நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஓட வேண்டாம்.

தங்கச்சி, உனக்கும் சொல்கிறேன். “கலியாணம் கட்டின பொம்பிளை மைதானத்துக்கோ?” என்று ஒழுங்கை முனையில் கதைப்பார்கள். கதைக்கட்டும். ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்தங்குலம். அந்த உயரத்துக்கே கேலி கேட்டு வளர்ந்தவள். அந்த உயரம்தான் 2009இலும் 2018இலும் இலங்கைக்கு ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் வாங்கித் தந்தது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் தன் சாதனை மேல் தானே ஏறி உடைத்தாள். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடிய கை உனக்கும் இருக்கிறது, அதைக் குசினிக்குள் மட்டும் ஏன் வைத்திருக்கிறாய்? ஊர் ஜிம்மில் பெண்களுக்கென்று நேரம் இல்லையென்றால் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். நாலு பேரின் கட்டணத்தை எந்த முதலாளியும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

வயது போய்விட்டதா? முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தன் 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸுக்குப் போய் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் கொண்டுவந்தார். போரும் இடப்பெயர்வும் தின்ற மண்ணிலிருந்து போனவர் அவர். அம்மா, ஐயா, உங்களுக்குப் பதக்கம் வேண்டாம். பேரப்பிள்ளையைத் தூக்கினால் இடுப்புப் பிடிக்காமல் இருந்தால் போதும். நல்லூர் வீதி இருக்கிறது, துரையப்பா விளையாட்டரங்குப் பக்கம் முற்றவெளி இருக்கிறது. விடிய ஒரு நடை நடவுங்கள்.

“எங்கடை ஆக்களுக்கு விடாமுயற்சி இல்லை” என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் விடியற்காலையில் தலை முழுகி, ஈரவேட்டியோடு வீதியில் உருண்டு பிரதட்டை செய்கிற ஆண்களையும், அடிக்கு அடி விழுந்து எழும்பி அடியழிக்கிற பெண்களையும் பார்த்திருக்கிறாயா? எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு கடுமையான பயிற்சியைக் கொடுக்கத் துணியமாட்டார். அதே ஆட்கள்தான் இருபத்தாறாம் நாள் “நேரமில்லை” என்கிறார்கள். உடம்பிலும் பலம் இருக்கிறது, மனதிலும் பிடிவாதம் இருக்கிறது. முருகனுக்குக் கொடுத்த அந்த 25 நாளை உன் உடம்புக்கும் ஒருமுறை கொடுத்துப் பார். நேர்த்திக்கடன் என்றே வைத்துக்கொள்.

நாளைக்கு என்று சொல்லாதே, திங்கட்கிழமை என்று சொல்லாதே. இன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு உன் ஊர்க் கழகத்து மைதானத்துக்குப் போ. பந்து பொறுக்கிக் கொடுக்கும் வேலைதான் முதலில் கிடைக்கும், வெட்கப்படாமல் பொறுக்கு. யாராவது ஒருவனுக்குக் கால் பிடித்து வெளியே வருவான். அவன் இடத்தில் இறங்கு.