சந்திரனுக்குப் பொய்ச் சாட்சி வேண்டாம்



ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு. திருமதீனாவில் ஒரு துக்க நாள். நாயகம் (ஸல்) அவர்களின் அருமைப் புதல்வர், பால்குடி மாறாத இப்ராஹீம் அவர்கள் வஃபாத்தானார்கள். அன்றே சூரிய கிரகணமும் பிடித்தது. வானியல் கணக்குப்படி அது கி.பி. 632 ஜனவரி 27 என்கிறார்கள். நபிகளாரின் குழந்தை மறைந்ததற்காகச் சூரியனே இருண்டு விட்டது என்று மக்கள் பேசிக் கொண்டனர்.

நபிகளார் (ஸல்) அவர்கள் மௌனமாக இருந்திருந்தால் அந்தப் பேச்சு ஊரெங்கும் பரவியிருக்கும். கேட்டவர்களின் மரியாதையும் கூடியிருக்கும். ஆனால், மகனை இழந்த அந்த வேளையிலும் அவர்கள் மக்களைத் திருத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் விளக்கி, கிரகணத்தைக் கண்டால் தொழுது துஆச் செய்யுமாறு கற்றுத் தந்தார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் பேச்சேயானாலும், உண்மையல்லாததை அவர்கள் ஏற்கவில்லை. இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அன்று சூரியனை மறைத்த அந்தச் சந்திரனைப் பற்றி நம் வீடுகளில் என்ன பேசப்படுகிறது என்று பார்ப்போம்.

நெடுங்காலமாக இரண்டு செய்திகள் உலவுகின்றன. ஒன்று: 1969ஆம் ஆண்டு சந்திரனில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கு ஓசை கேட்டார், பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்பது. இரண்டு: சந்திரன் பிளந்து மீண்டும் ஒட்டிய தழும்பு இதோ என்று காட்டப்படும் ஒரு புகைப்படம்.

முதல் செய்தி உண்மையல்ல. ஆம்ஸ்ட்ராங் அவர்களே இதை மறுத்தார். 1983ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை, முஸ்லிம் நாடுகளில் உள்ள தன் தூதரகங்களுக்கு இது குறித்துத் தகவலும் அனுப்பியது. மேலும், ஓசை பயணம் செய்யக் காற்று வேண்டும். சந்திரனிலோ மூச்சு விடவும் காற்றில்லை.

இரண்டாவது, அந்தப் புகைப்படம். அதில் தெரிவது அரியடேயஸ் என்னும் பள்ளம். 1969இல் அப்பல்லோ 10 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட படம் அது. பள்ளத்தின் நீளம் ஏறத்தாழ 300 கிலோ மீட்டர். சந்திரனின் சுற்றளவோ சுமார் 10,900 கிலோ மீட்டர்! முழுச் சந்திரனையும் சுற்றி வராத ஒரு வாய்க்கால், அது இரண்டாகப் பிளந்ததற்குத் தழும்பாவது எப்படி? தரையில் இரண்டு வெடிப்புகள் இணையாக ஓட, இடையிலிருந்த நிலம் கீழே அமிழ்ந்ததால் உண்டான பள்ளம் அது. பூமியிலும் இத்தகைய பள்ளத்தாக்குகள் உண்டு.

இதைப் படித்து எவரும் மனம் கலங்க வேண்டாம். சந்திரன் பிளந்த முஃஜிஸாவை நாம் நம்புவது திருமறையையும் ஸஹீஹான அறிவிப்புகளையும் கொண்டே. 1969க்கு முன் வாழ்ந்த நம் முன்னோர் எந்தப் படத்தைப் பார்த்து ஈமான் கொண்டார்கள்? சத்தியத்துக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை. வழக்குமன்றத்தில் ஒரு சாட்சி பொய்யன் என்று தெரிந்துவிட்டால், உண்மையான வழக்கும் சந்தேகத்துக்கு இடமாகி விடுமல்லவா? இன்று மதரஸாவில் இக்கதையைக் கேட்கும் பிள்ளை நாளை கல்லூரியில் உண்மையைப் படிப்பான். அப்போது கதையை மட்டும் தள்ளுவானா, அதைச் சொன்னவர்கள் கற்பித்த அனைத்தையும் சேர்த்துத் தள்ளுவானா? பெற்றோர்களே, இது உங்கள் வீட்டுக் கவலை!

அப்படியாயின் சந்திரனிடம் சிந்திக்க எதுவுமில்லையா? நிறைய உண்டு.

பாட்டி வடை சுடுகிறாள் என்று குழந்தைகளுக்கு நாம் காட்டும் அந்தக் கறுப்பு மறுக்களைப் பற்றி, பஸராவில் பிறந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனி நூல் எழுதினார். அவை பூமியின் கடல்களும் மலைகளும் அங்கே பிரதிபலிப்பதால் வருபவை என்ற கருத்தை மறுத்து, சந்திரனின் உடலிலேயே உள்ள வேறுபாடு என்று கண்டார். இன்று சந்திரனிலுள்ள ஒரு பெரும் குழிக்கு அவர் பெயர் வழங்குகிறது. 1969 முதல் 1972 வரை ஆறு முறை மனிதர் அங்கே இறங்கி, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டு வந்தனர். கறுப்பாகத் தெரிபவை, உருகிய எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள் என்று அக்கற்கள் காட்டின. வெண்மையாகத் தெரியும் மேடுகள் அவற்றினும் பழையவை. ஒரு காலத்தில் சந்திரனின் மேற்பரப்பு முழுதுமே நெருப்புக் குழம்பாக இருந்தபோது, எடை குறைந்த வெண்கல் மேலே மிதந்து உறைந்ததே அந்த மேடு. 2023 ஆகஸ்ட் 23 அன்று தென் துருவத்தருகே இறங்கிய நம் நாட்டுச் சந்திரயான் 3, அங்கே மண்ணைச் சோதித்தபோதும் இக்கருத்துக்கு வலுவே கிடைத்தது.

இச்சந்திரன் எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன், செவ்வாய்க் கிரகத்தின் அளவுள்ள ஒரு கோளம் இளம் பூமியின் மீது மோதியது. அப்போது சிதறியவை திரண்டு சந்திரனாயின என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் கருத்து. சந்திரக் கல்லிலுள்ள ஆக்ஸிஜனின் வகைகள் பூமிக் கல்லிலுள்ளவற்றோடு ஏறக்குறைய ஒத்திருப்பதும், சந்திரனின் நடுவில் இரும்பு மிகக் குறைவாக இருப்பதும் இதற்கு ஆதாரங்கள். பார்ப்பதற்கு ஒரு பேரழிவு. அதிலிருந்தே நமக்கு இரவின் விளக்கையும் மாதத்தின் கணக்கையும் அல்லாஹு தஆலா அமைத்துத் தந்தான் எனில், அவன் வல்லமையை என்னென்பது!

அந்த உறவு இன்னும் அறுபடவில்லை. சந்திரன் சராசரி 3,84,400 கிலோ மீட்டர் தூரத்திலிருந்து நம் கடலை இழுக்கிறது. தன் பக்கமுள்ள நீரைப் பூமியின் மையத்தைவிடச் சற்று அதிகமாகவும், மறுபக்க நீரைச் சற்றுக் குறைவாகவும் இழுக்கிறது. ஆகவே இரு பக்கமும் நீர் மேடாகிறது. பூமி சுழலும்போது பெரும்பாலான கரைகள் நாளொன்றுக்கு இரண்டு முறை நீரேற்றமும் இரண்டு முறை நீர் வற்றுதலும் காண்கின்றன. சந்திரன் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்தி உதிப்பது போலவே, நீரேற்றமும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது.

பஸராவின் பேரீச்சந் தோப்புகள் இதனாலேயே பல நூற்றாண்டுகள் செழித்தன. பாரசீக வளைகுடாவில் நீர் ஏறும்போது ஷத்துல் அரப் ஆற்றின் நன்னீர் எதிர்த்துத் தள்ளப்பட்டு, வாய்க்கால்கள் வழியே தோப்புகளில் ஏறும், வற்றும்போது வடிந்துவிடும். ஏற்றமின்றி, மாடின்றி, நாளுக்கு இரண்டு பாசனம்! தோப்பில் நீர் பாய்ச்சியது வானத்துச் சந்திரன்.

புதுப்பிறையை ஒட்டியும் பிறை 14, 15ஐ ஒட்டியும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் நீரேற்றம் மிகும். பிறை 7, 22ஐ ஒட்டி இழுப்புகள் குறுக்கிடுவதால் குறையும். பிறைத் தேதி தெரிந்தவனுக்குக் கடலின் கணக்கும் பாதி தெரியும். பிறைகளைப் பற்றி நபிகளாரிடம் மக்கள் கேட்டபோது, அவை மனிதருக்கும் ஹஜ்ஜுக்கும் காலங்காட்டி என்று அல்-பகரா அத்தியாயம் விடை தந்ததை இங்கே எண்ணிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. ஆம்ஸ்ட்ராங்கும் அவரது தோழரும் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிப் பலகையின் மீது பூமியிலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறார்கள். சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுகிறது. கடல் நீரின் உராய்வு பூமியின் சுழற்சியைத் தடுப்பதால், நூறு ஆண்டுக்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு என்ற அளவில் நாளும் நீள்கிறது. நிலையானது என்று நாம் எண்ணும் சந்திரனும் நகர்ந்து கொண்டிருக்கிறது. மாறாதவன் அதைப் படைத்தவன் ஒருவனே.

எனவே சகோதரர்களே, தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரித்துக் கொள்ளுங்கள் என்று அல்-ஹுஜுராத் அத்தியாயம் இட்ட கட்டளையை, இஸ்லாத்துக்குச் சாதகமாகத் தோன்றும் செய்திகளிலும் பேணுவோம். அடுத்த பிறை பார்க்கும்போது பிள்ளைகளையும் மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த மறு எது, அந்த மேடு எது, கடல் ஏன் ஏறுகிறது என்று உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள். பிறகு துஆ ஓதுங்கள். அந்த துஆவில் அவர்களின் உள்ளமும் சேர்ந்து ஓதும்.

உண்மையை உண்மையென அறியவும், அதை மட்டுமே எடுத்துரைக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.