மிகை கொள்ளுதல் களவாமோ?

பிறனுக்குரிய பொருளை அவன் அறியாமற் கவர்தல் களவு என்பது சிறுவரும் அறிந்ததே. விலை கொடுத்து வாங்கிய பொருளிலும் களவு உண்டோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த விஷயம். இது வீண் வாதத்தின் பொருட்டு எழுந்ததன்று. 2022ஆம் ஆண்டிலே இலங்கை மக்கள் பெற்றோலுக்கும் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்காக நின்ற வரிசைகள் எழுப்பிய வினா இது.

அக்காலத்து நிலையைச் சிறிது நினைவுகூர்வாம். அந்நியச் செலாவணி அருகிப்போகவே, 2022 ஏப்பிரல் 12ஆந் தேதி, வெளிநாட்டுக் கடனிறுத்தலை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையாயிற்று. ஜூன் மாத இறுதியிலே, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோர்க்கு எரிபொருள் விற்றல் ஜூலை 10 வரை நிறுத்தப்பட்டது. வரிசையில் நின்ற முதியோர் சிலர் உயிர் துறந்தனர். பாடசாலைகள் பல மூடப்பட்டன. பஞ்சம் மெய்யாகவே இருந்தது, அதனை மறுப்பாரில்லை. ஆயினும், அப்பஞ்சத்தின்மேல் மக்களுடைய அச்சம் பிறிதொரு பஞ்சத்தை ஏற்றிவைத்தது.

அச்சம் பஞ்சத்தை ஆக்குமோவெனின், ஆக்கும். 2021 செப்டெம்பரிலே பிரித்தானியாவில் எண்ணெய்க்குக் குறைவில்லை. அதனை ஏற்றிச்செல்லும் பாரவண்டிச் சாரதிகளே குறைந்திருந்தனர். நிலையங்கள் சில மூடப்பட்டன என்னுஞ் செய்தி பரவியவுடன், தாங்கியிற் பாதி எண்ணெய் உள்ளவரும் விரைந்து சென்று நிரப்பினர். சில நாட்களுள்ளே நிலையங்கள் பல வற்றின. இல்லாத பஞ்சம் அச்சத்தினால் உண்டாயிற்று.

இதனை ஒரு கணக்கினால் விளக்குவாம். ஒரு நிலையத்துக்கு 6,600 லீற்றர் பெற்றோல் வருகின்றது என்க. அங்கே 1,000 மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய 4 லீற்றரே கொண்டால், யாவரும் பெற்றபின்னும் 2,600 லீற்றர் எஞ்சும். ஒவ்வொருவரும் அஞ்சி 10 லீற்றர் நிரப்பினால், 660 பேரே பெறுவர். 340 பேர் வெறுந்தாங்கியோடு மீள்வர். எண்ணெய் குறையவில்லை, பயணமும் மிகவில்லை. அளவு தவறியதொன்றே வேறுபாடு. அந்த 340 பேருள் ஒருவன் பிரசவ வேதனைப்படும் மனைவியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டியவனாயிருத்தலுங் கூடும். மிகை கொண்டவன் அவன் முகத்தைக் கண்டிலன். காணாமையினாலே அவன் செய்த தீங்கு இல்லையாய்விடுமோ?

இதற்குச் சிலர் தடை நிகழ்த்துவர்.

"விலை கொடுத்தேனன்றோ, களவாவது எங்ஙனம்?" என்பர் ஒரு சாரார். பொருள் நிறைந்த காலத்து, விலை கொடுத்தாற் கடன் தீர்ந்தது. ஒருவன் கொண்டதனாற் பிறனுக்குக் குறைவில்லை. பொருள் அருகிய காலத்திலோ, ஒருவன் மிகையாகக் கொள்வது பிறனுடைய இன்றியமையாத பங்கேயாம். பணம் விற்பவனுக்குச் சேர்ந்தது. பங்கை இழந்தவனுக்கு யாது சேர்ந்தது?

"யான் விடுத்தால் மற்றொருவன் கொள்வான்" என்பர் பிறிதொரு சாரார். பிறன் செய்யும் பாவம் நம் பாவத்துக்குப் பரிகாரமாகாது. வினை செய்தவனையே சேரும் என்பது நம் சமய சித்தாந்தம். அதற்குக் கூட்டத்தாருள் ஒருவன் என்னும் விலக்கு யாண்டும் இல்லை.

"நாளைக்கு நோயாளியைக் கொண்டுசெல்ல வேண்டுமே, சிறிது வைத்திருத்தலும் பிழையோ?" என்பார் தடை ஒன்றே மதிக்கத்தக்கது. அது பிழையன்று. தேவை என்பது இன்றைக்கு மாத்திரம் உரியதன்று. ஆயின் தேவையையும் அச்சத்தையும் பிரித்தறிவது எவ்வாறெனின், நாம் ஓர் எளிய உபாயங் கூறுவாம். நமக்குப் பின்னே நிற்பவனை நோக்கி, "இதன்பொருட்டு இவ்வளவு கொள்கின்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லக் கூடுமாயின் அது தேவை. சொல்ல நாக் கூசுமாயின் அது மிகை.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்துற்றபோது, சம்பந்தப்பெருமானுக்கும் அப்பரடிகளுக்கும் சிவபெருமான் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். பொற்குவையே ஒருங்கு வழங்க வல்ல பெருமான் நாளுக்கு ஒரு காசே வழங்கினார். அடிகளிருவரும் அதனை நாளைக்கென்று பூட்டிவைத்தாரில்லை. அன்றன்றே அடியார்க்கு அமுதாக்கினர். பஞ்சகாலத்துத் தருமம் முழுவதும் இதனுள் அடங்கும்: அளவாய்க் கொள்ளுதல், கொண்டதைப் பயன்படுத்துதல், நாளையைப்பற்றிய அச்சத்தைத் திருவருளிடத்து ஒப்புவித்தல்.

2022 ஜூலையிலே அரசாங்கம் கியூ.ஆர். குறியீட்டினால் வாரப்பங்கை வரையறுத்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்பது அவ்வளவு. அம்முறை நிலைபெற்றபின் வரிசைகள் குறுகின. மனத்திலே இல்லாத அளவைச் சட்டம் புறத்தேயிருந்து விதிக்க வேண்டியதாயிற்று என்பது நாம் நாணத்தக்கது. 2023 செப்டெம்பர் 1ஆந் தேதியோடு அவ்வரையறையும் நீங்கியது. இனி ஒரு பஞ்சம் வருமாயின், சட்டம் வருமுன் நம்மைக் காப்பது யாது?

சைவ உபாத்தியாயர்களே! அது உங்கள் வகுப்பறையிலே உள்ளது. 6,600 லீற்றர்க் கணக்கை மாணாக்கருக்குக் கொடுங்கள். விடை கண்டபின் அந்த 340 பேர் யாவர் என்று வினாவுங்கள். 1990ஆம் ஆண்டின்பின் வடபகுதிக்குப் பெற்றோல் தடுக்கப்பட்ட காலத்திலே, ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கொளியிற் படித்து முன்னேறியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களை அழைத்துப் பேசுவியுங்கள். யாவற்றினும் மேலாக, வரிசையில் உபாத்தியாயர் எவ்வளவு கொள்கின்றார் என்பதை அவருடைய மாணாக்கர் பார்த்துக்கொண்டிருப்பர். நூறு நாட் போதித்த நீதி அந்த ஒரு நாளிலே மெய்யாகும், அல்லது பொய்யாகும்.

திருவருள் முன்னிற்க.