வாக்குறுதியும் உண்டியலும்

முதுமை வரும் என்பதை எல்லாரும் அறிவர். அது எத்துணை ஆண்டுகள் தங்கும் என்பதை எவரும் அறியார். உழைத்து ஓய்ந்த மனிதனுக்குச் சோறிடும் பொறுப்பு யாருடையது என்னும் வினா இந்த அறியாமையிலிருந்துதான் முளைக்கிறது. முதலீடு, இலாபம், சந்தை என்பனவெல்லாம் அதற்குப் பிற்பட்ட கணக்குகளே.

சென்ற நூற்றாண்டில் அரசுகளும் பெரிய தொழில் நிறுவனங்களும் இவ்வினாவுக்கு ஒரு வாக்குறுதியை விடையாகத் தந்தன. இத்தனை ஆண்டு எம்மிடம் உழைத்தால், உன் சம்பளத்தில் இத்தனை பங்கை நீ உயிரோடிருக்கும்வரை தருவோம் என்பதே அது. சந்தை சரிந்தாலும், ஓய்வு பெற்றவர் தொண்ணூறைக் கடந்தாலும் கவலை கொடுப்பவருடையது. இன்று பல நாடுகளில் அந்த இடத்தை உண்டியல் பிடித்துக் கொண்டது. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் தொழிலாளியின் பெயரில் ஒரு தொகையைப் போடுகின்றனர். அது பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்யப்படுகிறது. ஓய்வு பெறும் நாளில் உண்டியலில் என்ன இருக்கிறதோ அதுவே அவருக்கு. செலுத்த வேண்டியது எவ்வளவு என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. கிடைக்கப்போவது எவ்வளவு என்பது வரையறுக்கப்படவில்லை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் இடம்பெற்ற 401-கே என்னும் ஒரு பிரிவு இம்முறைக்குப் பெருவழி திறந்துவிட்டது.

பழைய வாக்குறுதியைப் பொற்காலமென்று பாட நாம் முன்வரவில்லை. 1991 நவம்பரில் பிரிட்டிஷ் பத்திரிகை அதிபர் இராபர்ட் மேக்ஸ்வெல் கடலில் மாண்டபின், தம் தொழிலாளரின் ஓய்வூதிய நிதியிலிருந்து பல நூறு மில்லியன் பவுன்களை எடுத்து அவர் தம் நிறுவனங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்தது வெளிப்பட்டது. அமானிதப் பொருளைக் கைவைத்தவன் மாண்டு போனான். கலங்கி நின்றோர் அச்சகத் தொழிலாளர்கள். இடையில் வேலை மாறியவரிடமும் பழைய முறை கஞ்சத்தனமாகவே நடந்து கொண்டது. உண்டியலோ உரியவரோடு கூடவே வருகிறது. முதலாளி திவாலானாலும் தனியே நிற்கிறது. இவை சிறு நன்மைகள் அல்ல.

எனினும், இம்மாற்றத்தில் நேர்ந்தது பொறுப்பின் இடமாற்றம். அதற்கு இடப்பட்ட பெயர் மட்டும் சுதந்திரம். இதனை முதன்முதலில் முழு நாட்டளவில் செய்து காட்டியது தென் அமெரிக்காவின் சிலி. பினோசெட்டின் இராணுவ ஆட்சியில் 1981ஆம் ஆண்டு அங்கே தனியார் உண்டியல் முறை நடைமுறைக்கு வந்தது. சம்பளத்தில் 10 விழுக்காட்டைத் தொழிலாளியே செலுத்த வேண்டும். முதலாளியின் பங்கு நீக்கப்பட்டது. நாட்டு மக்களுக்கெல்லாம் இதுவே சிறந்தது என்று பறைசாற்றிய அவ்வாட்சி, படையினரையும் காவலரையும் மட்டும் பழைய உறுதியான ஓய்வூதியத்திலேயே விட்டு வைத்தது!

இந்தியாவும் இவ்வழியிலேயே நடந்தது. நடுவண் அரசு 2004 சனவரி 1 முதல் பணியில் சேர்ந்தோரைப் புதிய திட்டத்துக்கு மாற்றியது. தமிழ்நாட்டு அரசு அதற்கும் முந்தி, 2003 ஏப்ரல் 1 முதலே பங்களிப்பு ஓய்வூதியத்தைக் கொணர்ந்தது. முப்படையினர் இங்கும் விலக்கப்பட்டனர். போர்வீரனுக்கு உறுதி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. உறுதிக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை ஆள்வோர் நன்கறிந்தே இருந்தனர் என்பதைத்தான் ஈண்டுச் சுட்டுகிறோம்.

பிரிட்டனின் ஏற்பாடு இவற்றினும் நுட்பமானது. மனிதர் நாளைக்கென்று சேமிக்க எண்ணுவர், செய்யமாட்டார்கள். இவ்வியல்பை அறிந்த அந்நாட்டரசு, 2012 அக்டோபர் முதல் தொழிலாளரைக் கேளாமலே சேர்த்துவிடும்படி முதலாளிகளைப் பணித்தது. வேண்டாதவர் விலகிக் கொள்ளலாம். விலகுவோர் பத்தில் ஏறக்குறைய ஒருவரே. 2019 ஏப்ரல் முதல் குறைந்தபட்சப் பங்களிப்பு 8 விழுக்காடு. அதில் முதலாளியின் பங்கு 3. சேர்ந்தவருள் மிகப் பெரும்பாலோர் எந்த முதலீட்டையும் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்களுக்கென முன்னரே வகுக்கப்பட்ட பொதுநிதியில் பணம் தானே சென்று சேர்கிறது. இலட்சக்கணக்கானோர்க்கு முதன்முறையாகச் சேமிப்பு உண்டானது இதனால்தான், அதைப் பாராட்டுகிறோம். ஆனால் தேர்ந்தவர் ஒருவர், நட்டம் ஏற்பவர் வேறொருவர் என்னும் நிலை அறத்துக்குப் பொருந்துமா? நட்டம் வந்தபின், நீ விரும்பியிருந்தால் மாற்றியிருக்கலாமே என்று தொழிலாளியிடம் சொல்வது பொய்யன்று, நேர்மையும் அன்று.

இடையே ஒன்று. வட்டியைத் தவிர்க்க விரும்புவோர்க்கென அங்குள்ள நெஸ்ட் என்னும் பொது ஓய்வூதிய நிறுவனம் ஷரீஅத் நிதி ஒன்றையும் வைத்தது. கடன் பத்திரம் கூடாதாகையால், அந்நிதி நீண்ட காலம் முழுவதும் பங்குகளிலேயே இடப்பட்டிருந்தது. பொதுநிதியில் இருப்பவருக்கு ஓய்வுக்காலம் நெருங்க நெருங்க ஆபத்து குறைக்கப்படும். மனச்சான்றின்படி விலகி நடந்தவருக்கு அந்த மெத்தை கிட்டவில்லை. பலருக்கென வகுத்த பாதையில் சிலர் கால் நோவதை வகுத்தவர் எண்ணிப் பார்ப்பது அரிது.

நம் முதன்மையான மறுப்பு இனிமேல்தான். பிரிட்டனில் ஒரு காலத்தில் பெரும்பாலோர் தம் உண்டியலைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து, சாகும்வரை மாதத்தொகை பெறும் ஒப்பந்தத்தை வாங்கியே தீர வேண்டியிருந்தது. 2015 ஏப்ரலில் அக்கட்டாயம் நீங்கியது. 55 வயதைக் கடந்தவர் தம் பணத்தை எப்படியும் எடுக்கலாம் என்றாயிற்று. நாற்பதாண்டுக் காலம் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று கைப்பிடித்து அழைத்து வந்தவர்கள், கண் மங்கும் வயதில், மிகக் கடினமான கணக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அகன்றனர். சேர்த்த பணத்தைச் சாகும்வரை காணுமாறு செலவிடுவது நிதித்துறையிலேயே மிகக் கொடிய சிக்கல் என்று கருதியவர் நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷார்ப்.

அறுபத்தைந்து வயதினர் 100 பேரை எடுத்துக் கொள்வோம். சராசரியாக அவர்கள் இன்னும் 20 ஆண்டு வாழ்வர் என்று வைத்துக் கொள்வோம். நூற்றுவரும் ஒரே பானையில் பணமிட்டால், ஆளுக்கு 20 ஆண்டுக்குரிய பொருள் ஏறக்குறையப் போதும். முந்திப் போனவர் விட்டது பிந்தி இருப்பவரைக் காக்கும். தனித்தனியே பிரிந்தாலோ ஒவ்வொருவரும் 30, 35 ஆண்டுக்கு அஞ்சியாக வேண்டும். அஞ்சியவர் அரைவயிறு உண்டு, எஞ்சியதை விட்டுச் சாவார். அஞ்சாதவர் எண்பதில் வெறுங்கையராவார். சிக்கனமும் கல்வியும் இந்தக் குறையைத் தீர்க்கமாட்டா. தன் இறுதி நாளை அறியாமை முட்டாளுக்கும் அறிஞனுக்கும் ஒன்றே. தனியொருவனால் இயலாத ஒன்றை அவன் கடமையாக்கியது அநீதி என்கிறோம். பிள்ளைகளுக்கு மிச்சம் வேண்டாமா என்று கேட்பர். வேண்டும்தான், ஆயினும் உயிரோடு இருக்கையில் அந்தப் பிள்ளைகளிடமே கையேந்த நேர்வது எந்தத் தந்தைக்கு உவப்பு?

நீண்ட ஆயுளின் செலவு யாரைச் சேரும் என்பதைச் சிலியின் பெண்கள் நன்கறிவர். ஆணைவிடக் கூடுதலாக வாழ்வார்கள் என்பதாலேயே, அதே சேமிப்புக்கு அவர்களுக்குக் கிட்டிய மாதத்தொகை குறைவு. 2025ஆம் ஆண்டு நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம் அவ்வேற்றுமைக்கு ஈடு கொடுக்க முற்பட்டது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் முதலாளியின் பங்களிப்பையும் படிப்படியாக மீட்டது.

பிரிந்தோர் மீண்டும் கூடும் அறிகுறிகள் பிறவிடங்களிலும் தென்படுகின்றன. நெதர்லாந்தில் 2023 சூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், அவரவர் கணக்கைத் தனியாக்கினாலும், நட்டத்தைப் பகிர ஒரு பொது இருப்புக்கும் இடம் வைத்தது. பிரிட்டனின் இராயல் மெயில் அஞ்சல் நிறுவனம் 2024 அக்டோபரில் கூட்டு உண்டியல் ஒன்றைத் தொடங்கியது. முதலாளி உறுதி எதுவும் தரவில்லை. ஆனால் எல்லார் பணமும் ஒன்றாய் நிற்க, ஓய்வு பெற்றவருக்கு ஆயுள் முழுதும் மாதத்தொகை உண்டு. இந்தியாவில் உண்டியல் முறையிலும் அரசு ஊழியர் திரண்ட தொகையில் குறைந்தது 40 விழுக்காட்டுக்கு ஆயுள் ஓய்வூதியம் வாங்கியாக வேண்டும் என்னும் விதி இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நடுவண் அரசு ஊழியர்க்கு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் ஒரு மாற்றுவழியாக வந்துள்ளது. 25 ஆண்டு பணி புரிந்தோர்க்குக் கடைசிப் பன்னிரு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி. தலைச்சுமை வணிகருக்கும் தினக்கூலிக்கும் இத்தகைய பேரம் பேச ஒரு வாசலும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கூட்டு உண்டியலிலும் ஒரு முள் உண்டு. சந்தை வீழும் ஆண்டில் அஞ்சல் ஊழியர் அனைவரின் மாதத்தொகையும் குறைக்கப்படலாம். எண்பது வயது முதியவரின் தொகையைக் குறைக்க மனம் வராமல், அதன் சுமையை இருபத்தைந்து வயது இளைஞன்மேல் சாய்க்கும் ஆசை நிருவாகிகளுக்கு எழுவது இயல்பு. அதனாலேயே, ஏற்றமும் குறைப்பும் வயது பாராது எல்லார்க்கும் ஒரே அளவில் நிகழ வேண்டும் என்று பிரிட்டிஷ் விதி வகுத்துள்ளது. முதல் குறைப்பு நேரும் ஆண்டில் அவ்விதி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.