மூச்சு தூய்மை தருமா?

ஞாயிறு திருப்பலியில் நற்கருணை உட்கொள்ளும் ஒருவர், திங்கட்கிழமை காலையில் யோகாசிரியர் ஒருவரின் முன் அமர்ந்து மூச்சுப் பயிற்சி கற்கலாமா? இந்தக் கேள்வி நம் பங்குகளில் நெடுநாளாகக் கேட்கப்பட்டு வருகிறது. 2015 முதல் ஜூன் 21-ஆம் நாள் உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுவதால், அது இப்போது பள்ளி மைதானம் வரை வந்து நிற்கிறது. கற்கலாம் என்போர் உடல்நலத்தைச் சுட்டுகின்றனர். கூடாது என்போர் முதற் கட்டளையைச் சுட்டுகின்றனர். இப்பயிற்சி எதைத் தூய்மை செய்வதாகச் சொல்கிறது, உண்மையில் எதைத் தூய்மை செய்ய அதனால் இயலும் என்று இரு சாராருமே கேட்பதில்லை. எனக்கோ அதுவே முதலில் கேட்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

பிராணாயாமம் என்பது மூச்சை உள்ளிழுத்தல், நிறுத்துதல், வெளிவிடுதல் என்னும் மூன்றையும் ஓர் அளவுக்கு உட்படுத்துவது. பூரகம், கும்பகம், ரேசகம் என்பன அவற்றின் பெயர்கள். திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் இதைத் தமிழில் விரித்துரைக்கிறது. இடப்பக்க நாசியால் 16 மாத்திரை உள்ளிழுத்தல், 64 மாத்திரை நிறுத்துதல், 32 மாத்திரை வெளிவிடுதல் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. மாத்திரையாவது கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைந்நொடிக்கும் நேரம் என்று இலக்கண வகுப்பில் படித்திருப்போம். 64 மாத்திரை மூச்சை அடக்கிப் பார்த்தவர்க்கு அது விளையாட்டன்று என்பது விளங்கும். இவ்வாறு பழகினால் உடலில் ஓடும் நாடிகள் தூய்மையடையும், நாடிகள் தூய்மையானால் மனம் அடங்கும் என்பது யோக நூல்களின் கொள்கை. சிங்கத்தையும் யானையையும் பழக்குவதுபோல மூச்சையும் சிறிது சிறிதாகவே பழக்கவேண்டும், அவசரப்பட்டால் அது பழகுபவனையே அழித்துவிடும் என்று ஹடயோகப் பிரதீபிகை எச்சரிக்கிறது. ஆகவேதான் குரு இன்றி இதைத் தொடவேண்டாம் என்றனர். இக்காலத்து மருத்துவரும் இரத்த அழுத்தம், இதய நோய் உடையவர்களும் கருவுற்ற பெண்களும் மூச்சை நெடுநேரம் அடக்கலாகாது என்றே கூறுவர்.

தூய்மை செய்தல் என்றதும் ஆரணியில் வாழும் நமக்குப் பட்டு நினைவுக்கு வராமல் போகாது. கச்சாப் பட்டிழையின்மேல் செரிசின் என்னும் பசை படிந்திருக்கும். இழையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தப் பசையே. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து அதை நீக்கிய பின்புதான் பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வருகின்றன. சாயமும் சீராக ஏறுகிறது. வேக்காடு குறைந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கூடினால் இழை நொய்ந்து, தறியில் ஏற்றும்போது அறுந்துபோகும். எவ்வளவு நேரம் என்பதைச் சாயப் பட்டறையில் பல்லாண்டு நின்றவரின் கண்ணும் கையும் அறியும். ஏட்டில் எழுதி வைத்து அதைக் கற்பிக்க முடியாது. மூச்சுப் பயிற்சிக்கு ஆசிரியர் வேண்டும் என்பதன் நியாயத்தை இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பட்டின் அழுக்கு வெளியிலிருந்து ஒட்டியது. கொதிநீர் அதை அகற்றும். மனிதனைத் தீட்டுப்படுத்துபவை அவன் உள்ளத்திலிருந்து புறப்படுபவை என்று நம் ஆண்டவர் மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் வரிசைப்படுத்திக் காட்டுகிறார். அங்கே எந்தக் கொதிநீரை ஊற்றுவது?

இதை ஆராயுமுன், மூச்சு நமக்கு அந்நியமான பொருள் என்ற எண்ணத்தை விட்டுவிடவேண்டும். தொடக்கநூலில் இறைவன் மண்ணால் உருவாக்கிய மனிதனின் நாசியில் உயிர்மூச்சை ஊதுகிறார். உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதித் தூய ஆவியை அளிக்கிறார். பாவ மன்னிப்பின் அதிகாரத்தையும் அந்த வேளையிலேயே தருகிறார். எபிரேயத்தில் ரூவா, கிரேக்கத்தில் நியூமா என்னும் சொற்கள் காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிப்பவை. தமிழ் இதில் பின்தங்கவில்லை. ஆவி என்பது மூச்சு, உயிர், நீராவி எல்லாமே. உயிர்த்தல் என்றால் பழந்தமிழில் மூச்சுவிடுதல். பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்றனர் புலவர். அதே உயிர்ப்பு என்னும் சொல்லைத்தான் ஆண்டவர் கல்லறையினின்று எழுந்த மறைபொருளுக்கு நாம் வழங்குகிறோம். பாஸ்கா காலத்தில் அச்சொல்லை எத்தனை முறை உச்சரித்தாலும், அதனுள் ஒரு மூச்சு ஒளிந்திருப்பதை நாம் எண்ணுவதில்லை. யோபு நூலின் ஏழாம் அதிகாரத்திலோ, தம் நாள்கள் நெசவாளியின் நாடாவினும் விரைந்து ஓடுவதாக அவர் புலம்புகிறார்; அடுத்த வரியிலேயே தம் உயிர் வெறும் காற்று என்று இறைவனுக்கு நினைவூட்டுகிறார். நாடாவும் மூச்சும் அடுத்தடுத்து வரும் அந்தப் பகுதியை நெசவாளர் தெருவில் படித்தால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

செபத்தையும் மூச்சையும் இணைப்பது திருச்சபைக்குப் புதிதும் அன்று. ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலையில் வாழ்ந்த புனித யோவான் கிளிமாக்கஸ், இயேசுவின் நினைவு மூச்சோடு இணைந்திருக்கவேண்டும் என்று கற்பித்தார். 13-ஆம் நூற்றாண்டின் துறவி நிக்கெபோரஸ், மூச்சை நெறிப்படுத்தி இதயத்துள் நுழையும் செபமுறையை விளக்குகையில், தவறாத வழிகாட்டி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்பதை வலியுறுத்துகிறார். திருமூலர் நாட்டில் கேட்கும் அதே எச்சரிக்கை கிரேக்கத் துறவியரிடமும் கேட்கிறது. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளில் செபத்தின் மூன்றாம் முறை என்று ஒன்று உண்டு. ஒரு மூச்சுக்கும் மறுமூச்சுக்கும் இடையே கர்த்தர் கற்பித்த செபத்தின் ஒரே ஒரு சொல்லை மனத்தில் இருத்துவது அது.

செபமாலையையே எடுத்துக்கொள்வோம். சேத்துப்பட்டு லூர்து அன்னை திருத்தலத்துக்குப் பேருந்தில் செல்லும் பெண்கள், ஒருவர் முற்பகுதியைச் சொல்ல மற்றவர்கள் பிற்பகுதியைச் சொல்லிச் செபிப்பார்கள். சொல்லும்போது மூச்சு வெளியேறுகிறது. கேட்கும்போது உள்ளே வருகிறது. 2001-இல் லூசியானோ பெர்னார்டி என்னும் இத்தாலிய மருத்துவரும் அவருடைய குழுவினரும் 23 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். இலத்தீனில் செபமாலையின் மங்கள வார்த்தை செபத்தைச் சொன்னபோதும் ஓர் யோக மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சீரான ஓர் இசைவுக்கு வந்ததை அவர்கள் கண்டனர். அமைதியாக இருக்கும் ஒருவர் வழக்கமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார். நம் பாட்டிமார் பெயர் தெரியாமலேயே ஒருவகைப் பிராணாயாமம் செய்து வந்திருக்கிறார்கள் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த ஆய்வின் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. மந்திரம் சொன்னவருக்கும் செபமாலை சொன்னவருக்கும் உடலில் நிகழ்ந்தது ஒன்றே. அப்படியானால் அந்த அமைதி எந்தச் சமயத்துக்கும் உரியது அன்று, உடலுக்கு உரியது. அதைத் தூய ஆவியாரின் வருகை என்று அழைப்பதற்கும் நமக்கு உரிமை இல்லை; பேயின் வலை என்று அழைப்பதற்கும் உரிமை இல்லை.

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடிய இருவர் நம் மண்ணில் இருந்தனர். 1939-இல் இந்தியாவுக்கு வந்த அருள்தந்தை ஜூல்ஸ் மோன்ஷானேனும், 1948-இல் வந்த பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெசோவும் 1950 மார்ச் 21-ஆம் நாள் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். சாந்திவனம் என்று நாம் அறிவது அதைத்தான். அபிஷிக்தானந்தர் என்று பெயர்பெற்ற லெசோ, அதற்கு முன்பே 1949-இல் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைத் தரிசித்திருந்தார். பின்னர் நம் மாவட்டத்து அருணாசல மலைக் குகைகளில் பலமுறை தங்கி மௌனத்தில் ஆழ்ந்தார். 1955-இல் திருக்கோவிலூர்த் தபோவனத்தில் ஞானானந்த சுவாமிகளைக் கண்டு, அவரைத் தம் குருவாகவே ஏற்றார். மோன்ஷானேனோ தம் தோழர் சென்ற தொலைவைக் கண்டு கலங்கினார். மூவொரு இறைவன்மேல் உள்ள விசுவாசமும் அத்வைத அனுபவமும் அவ்வளவு எளிதில் ஒன்றாகிவிடா என்ற ஐயம் 1957-இல் அவர் இறக்கும்வரை நீங்கவில்லை. இன்று அபிஷிக்தானந்தரைப் படிப்போரே மிகுதி. நான் மோன்ஷானேனின் கலக்கத்தையும் மதிக்கிறேன். ஒரே ஆசிரமத்தில் வாழ்ந்து, ஒரே பலிபீடத்தில் திருப்பலி நிறைவேற்றிய இருவர் இதில் உடன்படவில்லை என்றால், ஒரு ஞாயிறு மறையுரையில் இது தீர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது.

இதில் வியப்பு என்னவென்றால், கலக்கத்துக்கு விடையாகும் ஒரு கருத்து அருணாசலத்திலிருந்தே வருகிறது. இரமணர் 1927-இல் தமிழில் இயற்றிய உபதேச உந்தியார் முப்பதே பாடல்கள் கொண்ட நூல். மூச்சை அடக்கினால் மனம் வலையில் பட்ட பறவைபோல் அடங்கும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அது ஒடுக்கமே அன்றி அழிவு அன்று, ஒடுங்கியது மீண்டும் எழும் என்று உடனே பிரித்துக் காட்டுகிறார். யோக மரபின் உள்ளிருந்தே ஒருவர் இவ்வாறு கூறியிருக்க, மூச்சுப் பயிற்சியால் உள்ளம் தூய்மையாகிவிடும் என்று விளம்பரப் பலகை எழுதுவோர் யாரிடம் கற்றார்கள் என்று தெரியவில்லை.

1989 அக்டோபர் 15-ஆம் நாள், அவிலா நகர்ப் புனித தெரேசாவின் விழாவன்று, கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஒரு மடல் வெளியிட்டது. அதில் யோகம் முழுவதும் தடைசெய்யப்பட்டது என்று சிலர் கூறுவது மடலைப் படியாதார் கூற்று. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்ற 1965-ஆம் ஆண்டுச் சங்க ஏட்டின் போதனையை அது நினைவூட்டுகிறது. உடல் நிலையும் மூச்சும் செபத்துக்கு உதவக்கூடும் என்றும் ஏற்கிறது. ஆனால் பயிற்சியால் வரும் அமைதியையும் இதமான வெம்மையையும் தூய ஆவியாரின் ஆறுதல் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம் என்கிறது. ஒருவருடைய ஒழுக்க வாழ்வு அதற்கு ஒத்திராதபோது, அந்த உணர்வுகளை மறைஞானம் என்று கொள்வது உள்ளத்தையே பிளந்துவிடும் என்று கடுமையாகவே எச்சரிக்கிறது.

இந்தக் கடைசி எச்சரிக்கைதான் நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது. பட்டு நெசவில் பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் முதலாளி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலையில் எழுந்து அரைமணி நேரம் மூச்சுப் பயிற்சி செய்கிறார். முன்பணம் கொடுத்த காரணத்தால் வேறு தறிக்குப் போகமுடியாத நெசவாளி, சேலையை அறுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். இழை நெருக்கம் போதவில்லை என்று சொல்லிக் கூலியில் பிடித்தம் செய்கிறார். முன்பெல்லாம் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. இப்போது நன்றாக வருகிறது. மூச்சு சீராகிவிட்டது. அறுவடையாளரிடமிருந்து பிடித்துக்கொள்ளப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினாரே, அந்தக் கூக்குரல் இவர் காதில் விழாதபடி பயிற்சி ஒரு பஞ்சாக அடைத்துக்கொண்டது. மன உறுத்தலும் ஒருவகைத் தூக்கமின்மைதான். எல்லாத் தூக்கமின்மையும் நோய் அல்ல. இதே குற்றச்சாட்டைச் செபமாலையின் மீதும் சுமத்தலாம். நாம்தாம் சுமத்துவதில்லை. சக்கேயு வீட்டுக்கு மீட்பு வந்தபோது அவர் எப்படி மூச்சுவிட்டார் என்று நற்செய்தி குறிப்பிடவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததைக் குறிப்பிடுகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தறியில் நாள் முழுவதும் குனிந்து, படைமரம் வயிற்றை ஒட்டியிருக்க அமர்ந்திருப்பவரின் மூச்சு மார்பின் மேற்பகுதியோடு நின்றுவிடுகிறது. கடனும் கோபமும் அதை மேலும் குறுக்குகின்றன. அத்தகைய ஒருவர் பயிற்சியால் சற்றே அமைதி பெறும்போது, இரைச்சலில் இதுவரை கேட்காத மனச்சான்றின் குரல் கேட்கத் தொடங்கலாம். பலிபீடத்தருகே நிற்கும்போது சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்றார் ஆண்டவர். நினைவுக்கு வரவேண்டுமே! நினைவு வருவதற்கே ஓர் ஓய்வு வேண்டியிருக்கிறது. ஒரே அமைதி ஒருவருக்குத் தலையணை ஆகிறது. மற்றவருக்குக் கதவு ஆகிறது. எது நிகழ்ந்தது என்பதை மூச்சின் எண்ணிக்கையால் அளக்க முடியாது. வீட்டாரைக் கேட்டால் தெரியும். கூலிக்கு நெய்பவரைக் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆசிரியரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நாசியை எப்படி மூடுவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கற்பிப்பவருக்கு நாம் மாணவர். அந்த அளவில் கீழ்ப்படிதலும் நன்றியும் அவருக்கு உரியன, அவர் எந்தச் சமயத்தவராயினும். என் வாழ்வு முழுவதையும் ஒப்படை, நான் சொல்வதே உனக்கு இறைவாக்கு என்று அவர் கேட்பாராகில், நம்மில் ஒருவரே ஆசிரியர் என்ற ஆண்டவரின் சொல்லை நினைத்து எழுந்து வந்துவிடலாம். இந்த அளவுகோலை ஒருபக்கமாகப் பிடிக்கக்கூடாது. அந்த ஒப்படைப்பைக் கேட்கிற கிறிஸ்தவத் தியான வழிகாட்டியிடமிருந்தும் எழுந்து வரத்தான் வேண்டும். நல்ல ஆசிரியர் பெரும்பாலும் குறைவாகவே வாக்களிப்பார். மாணவன் தன்னைவிட்டுப் போகும் நாளை எண்ணியே கற்பிப்பார்.

எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இப்பயிற்சியைக் கற்றார். இரத்த அழுத்தம் இருப்பதால் கும்பகம் வேண்டாம் என்று அந்த ஆசிரியரே விலக்கிவிட்டார். இழுப்பதும் விடுவதும் மட்டுமே. "உங்கள் சாமி பெயரையே சொல்லிக்கொள்ளுங்கள் ஐயா, எனக்கொன்றும் இல்லை" என்றாராம். இவர் இயேசுவே என்று இழுத்து, இரங்கும் என்று விடுகிறார். இது யோகமா செபமா என்று ஒருநாள் அவரைக் கேட்டேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, தம் தம்பியோடு பதினோரு ஆண்டுகளாகப் பேசாதிருந்ததைப் பற்றியும், வீட்டுப் பாகத்தில் தம் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்ட இரண்டு கெஜ இடத்தைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். வரும் மாதம் நில அளவையரை வரச்சொல்லியிருக்கிறாராம்.